ரௌசன்பெர்க்கின் எண்ணிம அச்சுகளில் ஒளிப்படமும் ஓவியமும்

ஒளிப்படத்தை ஓவியம் போலக் காட்டுவது இன்று எளிது. மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் தூரிகைத் தடங்கள் தோன்றிவிடும். கேன்வாசில் அச்சிட்டு மேலே பசை போன்ற பூச்சைத் தடவினால் அத்தடங்கள் புடைத்தும் நிற்கும். ஆனால் ஓவியம் அங்கே வேடம் மட்டுமே. இரண்டும் உண்மையில் கலந்த இடத்தைக் காண, அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌசன்பெர்க் (1925–2008) 1992 முதல் செய்த படைப்புகளைப் பார்க்க வேண்டும்.

அவருக்கு இது திடீர் நாட்டமன்று. தாந்தேயின் 'நரகம்' பகுதிக்கு 1958–60இல் உருவாக்கிய 34 படங்களில், பத்திரிகைப் படங்களைக் கரைப்பானில் நனைத்துத் தேய்த்துத் தாளுக்கு மாற்றியிருந்தார். 1962இல் பட்டுத்திரை அச்சுக்கு வந்தார். அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து ஐரிஸ் என்ற மைவீச்சு அச்சுப்பொறி அவர் கைக்கு வந்தது.

ஐரிஸ், அச்சகங்களில் வண்ண மெய்ப்பு எடுப்பதற்காக உருவான பொறி. அதைக் கலை அச்சுக்குத் திருப்பியவர்களுள் பாடகர் கிரகாம் நாஷ் முக்கியமானவர். கலிபோர்னியாவில் அவர் நிறுவிய நாஷ் எடிஷன்ஸ் கூடத்தில்தான் 1991இல் 'ஜிக்லே' என்ற பெயர் பிறந்தது. பொறியின் சாயம் நீரில் கரையக்கூடியது. ஒரு சொட்டு நீர் பட்டாலும் படம் கெடும். அச்சிடுவோருக்குத் தலைவலியாக இருந்த இக்குறையே ரௌசன்பெர்க்குக்குத் தூரிகையாயிற்று.

தாம் எடுத்த ஒளிப்படங்களை ஐரிஸில் அச்சிட்டு, ஈரத்தாளின்மேல் கவிழ்த்துத் தேய்த்தார். அழுத்தித் தேய்த்த இடத்தில் நிறம் அடர்ந்தது. கை விட்ட இடம் வெளுத்தது. ஓரங்கள் நீர்வண்ணம் போலக் கசிந்தன. 'வாட்டர்வொர்க்ஸ்' வரிசையில் ஒளிப்படம் எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. ஒன்றைப் போல் மற்றொன்று அமையாததால் இவற்றைப் பல படிகள் எடுக்கும் வழக்கமான அச்சு எனச் சொல்வதும் கடினம்.

எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. அடுத்து வந்த 'அனகிராம்ஸ்' வரிசையின் பெரிய தாள்கள் சிலவற்றில் படங்கள் ஒன்றோடொன்று பேசாமல், சுவரொட்டிகள் போல அருகருகே நிற்கின்றன. பிற்கால 'சினாரியோஸ்' (2002–06) வரிசையில் நிறமி மையும் செயற்கைப் பலகையும் வந்தன. விளிம்புகள் கூர்மையாயின, ஒளிப்படம் ஒளிப்படமாகவே தெரிந்தது. நீர் செய்த வேலையை அங்கே வெள்ளை இடைவெளிகள்தாம் செய்ய வேண்டியிருந்தது. பல பலகைகளில் அவற்றால் அது முடியவில்லை.