பிழைச் செய்தியும் ஒரு கருத்துணர்தல் பகுதிதான்



கடந்த தவணையில் ஒரு மாலை. லாயாங் லாயாங்கில் என் மேசைக் கணினியின் முன் உட்கார்ந்து, மாதிரித் தேர்வுத்தாளைக் குழுவின் சர்வருக்கு அனுப்ப முயன்றேன். ஃபைல்ஸில்லாவில் சிவப்பு எழுத்தில் 'குட் நாட் கனெக்ட் டு சர்வர்' என்று வந்தது. உடனே குழுவுக்கு "லைன் இல்லைங்க" என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். அந்த வாட்ஸ்அப் போனதே அதே வைஃபையில்தான்! போர்ட் எண் 22 என்று இருக்க வேண்டிய இடத்தில் நான் 222 என்று தட்டியிருந்தேன். அவ்வளவுதான்.

தவறு என்னுடையதுதான். ஆனாலும் மென்பொருளின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. கடைசியில் வந்து கண்ணில் படும் அந்த வரி, முடிவை மட்டுமே சொல்கிறது. காரணம் அதற்கு மேல் வரியில் இருக்கிறது. அதை மறைக்காமல் அப்படியே காட்டுவது ஃபைல்ஸில்லாவின் நல்ல குணம். ஆனால் நாம்தான் மேலே போய்ப் படிப்பதில்லையே!

மேல் வரியில் 'டைம்ட் அவுட்' என்றிருந்தால், பதிலே வரவில்லை என்று பொருள். ஃபயர்வால் தடுத்திருக்கலாம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் முயன்று பாருங்கள். அதில் இணைந்தால், தடை உங்கள் வலையமைப்பில்தான். 'ரெஃபியூஸ்ட்' என்றால் பதில் வந்தது, ஆனால் அது மறுப்பு. போர்ட் எண்ணைச் சரிபாருங்கள். சர்வரில் அந்தச் சேவையே ஓடாமலும் இருக்கலாம். மௌனமும் மறுப்பும் ஒன்றா? இரண்டையும் 'இணைக்க முடியவில்லை' என்று மாணவர் எழுதினால் நாம் மதிப்பெண் குறைப்போம், இல்லையா?

'அதென்டிகேஷன் ஃபெயில்ட்' என்றால் வாசல் வரை போய்விட்டோம், பெயரோ கடவுச்சொல்லோதான் தவறு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, ஒட்டும்போது பின்னால் சேரும் இடைவெளி, இவற்றைப் பாருங்கள். 'பெர்மிஷன் டினைட்' கோப்பை ஏற்றும்போது வந்தால், உள்ளே நுழைந்தாயிற்று, அந்தக் கோப்புறையில் எழுதத்தான் அனுமதி இல்லை.

இனி வருவதுதான் மிக முக்கியம். 'ஹோஸ்ட் கீ' மாறிவிட்டது என்று எச்சரித்தால் நிறுத்துங்கள். சர்வரைப் புதிதாக அமைத்திருக்கலாம். நடுவில் யாராவது ஒட்டுக்கேட்கவும் கூடும். 1995இல் ஃபின்லாந்தில், பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவுபோன பிறகுதான் தாத்து இலோனென் எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார். எஸ்.எஃப்.டி.பி. அதன்மேல்தான் ஓடுகிறது. இவ்வளவு கனமான எச்சரிக்கையையும் ஒரே க்ளிக்கில் கடந்துவிடலாம் என்பது என் இரண்டாவது குறை. அவசரத்தில் 'ஓகே' தட்டினால், மாணவர்கள் பார்க்கக்கூடாத கேள்வித்தாள் யார் கைக்குப் போகுமோ! நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்து, விரல்ரேகை எனப்படும் அந்த நீண்ட குறியீட்டை ஒப்பிட்ட பிறகே தொடருங்கள்.

அடுத்த முறை உதவி கேட்கும்போது "லைன் இல்லை" என்று சுருக்காதீர்கள். செய்தியை முழுவதுமாக நகலெடுத்து அனுப்புங்கள். கடவுச்சொல்லை மட்டும் அனுப்பவே வேண்டாம். பத்தியை முழுதாகப் படித்துவிட்டு விடை எழுதச் சொல்லும் நாம், நான்கு வரியைப் படிக்காமல் விடலாமா?