என்பின் சாட்சியமும் ஒண்டாச்சியின் நாவலும்

இயற்கைக்கு மாறான மரணமொன்றின் முன் சட்ட மருத்துவ நோயியல் நான்கு வினாக்களை எழுப்புகின்றது. இறந்தவர் யார்? எப்போது இறந்தார்? எதனால் இறந்தார்? எவ்வகையில் இறந்தார்? இறுதி இரண்டும் ஒன்றல்ல. மண்டையோடு உடைந்தமை மரணத்தின் காரணம். அது விபத்தா, தற்கொலையா, கொலையா என்பது மரணத்தின் வகை. முன்னையதை உடலே கூறக்கூடும். பின்னையதற்கு உடல் கிடந்த இடமும் சாட்சிகளும் சுதந்திரமான விசாரணையும் வேண்டும். இவ்வேறுபாட்டை மனங்கொண்டு நோக்கின் மைக்கல் ஒண்டாச்சியின் ‘அனில்ஸ் கோஸ்ற்’ (2000) என்ற ஆங்கில நாவலின் பலமும் பலவீனமும் ஒருங்கே புலனாகும்.

சர்வதேச மனித உரிமை அமைப்பினால் இலங்கைக்கு அனுப்பப்படும் அனில் திசேரா ஒரு தடயவியல் மானிடவியலாளர். தசை அழிந்து என்பே எஞ்சும்போது நோயியலாளர் நாடும் துறை அது. பண்டாரவளைப் பகுதியில், அரச கட்டுப்பாட்டிலுள்ள தொல்பொருட் பிரதேசத்திலே, பழைய என்புகளுக்கிடையில் அண்மைக்கால என்புக்கூடொன்று கிடைக்கின்றது. அவ்விடத்திற் கிடைத்தமையால் ஐயம் அரசின்மேற் செல்கின்றது. உடல் எரிக்கப்பட்டதும் இருமுறை புதைக்கப்பட்டதும் தெரியவருகின்றன. தொழில் விட்டுச்சென்ற அடையாளங்களைக்கொண்டு அவன் கள்ளிறக்கியவன், பின்னர் காரீயச் சுரங்கத்தில் உழைத்தவன் என்பது துணியப்படுகின்றது. ஈற்றில் ருவான் குமார என்ற பெயரும் கிடைக்கின்றது. அறிவியலின் பொறுமையை இத்துணை நுணுக்கமாகக் காட்டிய நாவல்கள் சிலவே.

ஆயின் நாவலின் உச்சம் வேறிடத்தில் உள்ளது. அனிலுக்கு உதவிய தொல்லியலாளர் சரத் கொல்லப்படுகின்றார். முகம் மறைக்கப்பட்ட புகைப்படத்திலே, உடலின் பழைய தழும்புகளைக்கொண்டு அவரை இனங்காண்பவர் மருத்துவரான தம்பி காமினி. நோயியலாளர் செய்யவேண்டிய பணியை உடன்பிறந்தவர் செய்கின்றார். அறிக்கை எழுதுவதற்குப் பதிலாகக் காயங்களுக்கு மருந்திடுகின்றார். பெயரற்ற என்பு முழு விஞ்ஞானத்தையும் பெற, பெயருள்ள உடல் விசாரணையின்றிப் போகின்றது. இம்முரணே ஒண்டாச்சியின் தலையாய சாதனை எனலாம்.

குறையும் இங்கேயே தொடங்குகின்றது. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை திடீர் மரணங்களுக்கு விசாரணையை விதித்தது. 1983 யூனில் வந்த அவசரகாலப் பிரமாணம் 15ஏ, மரண விசாரணையின்றியே உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் பாதுகாப்புப் படையினருக்கு இடமளித்தது. நோயியலின் கண் தானே மூடவில்லை, சட்டத்தாலே மூடப்பட்டது. நாவலிலோ பயங்கரம் பருவமழைபோல் வருகின்றது; அதற்கு வழிதிறந்த சட்டம் கதையின் இயக்கத்திற் பங்கெடுப்பதில்லை.

ஓர் என்புக்கூட்டை எல்லோர்க்கும் பிரதிநிதியாக்கலாம் என்பது அனிலின் நம்பிக்கை. செம்மணி அதனை மறுக்கின்றது. அங்கு 1999 இல் 15 என்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025 அகழ்வில் இருநூறுக்கு மேற்பட்டவை, குழந்தைகளுடையவை உட்பட, வெளிவந்தன. அவற்றுள் ஒன்றேனும் மற்றொன்றின் பெயரை ஏற்றுக்கொள்ளாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நான்கு வினாக்களும் எழுகின்றன. ஒவ்வொன்றுக்காகவும் எங்கோ ஒரு வீடு காத்திருக்கின்றது.

சிதைந்த புத்தர் சிலை மீளமைக்கப்பட, புதிய சிலையொன்றுக்குக் கண் திறக்கும் சடங்குடன் நாவல் நிறைவுறுகின்றது. அழகிய முடிவு, ஆனால் ஆறுதலின் முடிவு. சிலையின் கண் திறக்கின்றது. மரண விசாரணையின் ஏடு மூடியே கிடக்கின்றது. கலை துயரைத் தாங்கக் கற்பிக்கலாம். இறந்தவர் எவ்வகையில் இறந்தார் என்ற வினாவுக்கு அது விடையாகாது.