ஒன்பது வரிகளில் ஒரு தீவின் கடிகாரம்

சேர்வரை அமைக்கும்போது நேர வலயம் கேட்கும் இடத்தில் நம்மவர் பலர் +5:30 என்று அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இன்றைய திருகோணமலைக்கு அது சரிதான். ஆனால் அதே இடத்தில் ஏசியா/கொலம்போ என்று பெயரை எழுதிப் பாருங்கள். ஒன்பது வரிகள் உங்களுக்குத் துணையாக வரும். மென்பொருள் உலகில் நான் மீண்டும் மீண்டும் எடுத்து வாசிக்கும் எழுத்து அது.

ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, போல் எகர்ட் பேணிவரும் நேர வலயத் தரவுத்தளத்தில் இந்தப் பதிவு இருக்கிறது. லினக்ஸும் அன்ட்ரொயிடும் நேரத்தை அங்கிருந்துதான் அறிகின்றன. கிரீனிச்சிலிருந்து எவ்வளவு தூரம், அது எந்தத் தேதி வரை: ஒரு வரியின் சாரம் அவ்வளவுதான். முதல் வரி கொழும்பின் சூரிய நேரம், 5:19:24. 1880 முதல் மொரட்டுவை நேரம், 5:19:32. எட்டே விநாடி வித்தியாசம், அதற்கும் தனி வரி! இந்தக் கறார்தான் என்னை முதலில் ஈர்த்தது. 1906இல் 5:30 வருகிறது.

பிறகு போர்க்காலம். 1942 ஜனவரி 5இல் கடிகாரம் அரை மணி முன்னே நகர்ந்தது, செப்டெம்பரில் இன்னொரு அரை மணி. ஆகவே ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கியபோது ஊர்க் கடிகாரம் கிரீனிச்சுக்கு 6 மணி முன்னால் இருந்தது. அன்றைய உள்ளூர் நேரத்தை 5:30 என்று வைத்துக் கணக்கிடும் எந்த நிரலும் அரை மணி தவறும்.

1996இல் மின்சார நெருக்கடி. போருக்குப் பின் 5:30க்குத் திரும்பியிருந்த நேரம் மே 25இல் 6:30 ஆனது, ஒக்டோபர் 26இல் 6:00 ஆனது, 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே நின்றது. இந்தப் பத்தாண்டில் பிறந்த பிள்ளைகளுக்குச் சாதகம் கணிக்கும் மென்பொருளை எழுதுபவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். 2001இல் திருகோணமலை ஆஸ்பத்திரியில் காலை 6:10க்குப் பிறந்த குழந்தைக்கு கிரீனிச் நேரம் 0:10. நிலையான 5:30ஐப் போட்டால் 0:40 என்று வரும். அரை மணிக்கு லக்கினம் ஏறக்குறைய கால் ராசி நகர்ந்துவிடும். வலயத்தின் பெயரை எழுதியிருந்தால் பிழைக்கு இடமே இல்லை.

இந்தப் பதிவில் என்னை மிகவும் நெகிழவைப்பது கணினி வாசிக்காத ஒரு குறிப்பு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. கொட்டியாரக் குடாவின் வடகரையில் துறைமுகம் ஒரு நேரம் காட்ட, தென்கரையில் சம்பூர் முதலில் ஒரு மணியும் பிறகு அரை மணியும் பின்னால், பழைய நேரத்தில் இருந்தது. ஒரே மாவட்டம், ஒரே கடல், இரண்டு கடிகாரங்கள். தரவுத்தளத்தின் விதிப்படி, 1970க்குப் பின் கடிகாரங்கள் வேறுபட்ட இடங்களுக்குத் தனி வலயம் வேண்டும். ஆனால் சம்பூரின் கடிகாரம் 1970 முதல் இந்தியக் கடிகாரத்தோடு அப்படியே பொருந்தியது. ஆகவே அங்குள்ளவர்கள் கல்கத்தாவின் வலயத்தைப் பயன்படுத்தலாம் என்று எகர்ட் 2006 ஏப்ரலில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். புதுக் கோப்பு இல்லை, அரசியல் தீர்ப்பு இல்லை. ஒரு பகுதி மக்களின் சுவர்க் கடிகாரம் என்ன காட்டியது என்பதற்கு மட்டும் அந்தக் குறிப்பு மதிப்புக் கொடுத்தது. நல்ல நிரலாளரின் பண்பு இது என்று நான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 15இல் இரு கரைகளின் நேரமும் ஒன்றானது. பத்து நாளில், 25ஆம் தேதி, சம்பூர் அமைந்த மூதூர் கிழக்கில் குண்டுகள் விழத் தொடங்கின. செப்டெம்பரில் சம்பூர் இராணுவத்தின் வசமானபோது, மாற்றுவதற்குக் கடிகாரம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

இனி வேலைக்கு உதவும் ஒரு குறிப்பு. அல்பைன் போன்ற சிறிய டொக்கர் படிமங்களில் இந்தத் தரவுத்தளம் இருக்காது. வலயத்தின் பெயரை எழுதியிருந்தாலும் நிரல் எச்சரிக்கை எதுவும் தராமல் கிரீனிச் நேரத்துக்குப் போய்விடக்கூடும். தரவுத்தளப் பொதியைச் சேர்த்துவிட்டு இரண்டு தேதிகளைக் கொடுத்துப் பாருங்கள்: 1996 ஜூலை 1க்கு 6:30, 2000 ஜூலை 1க்கு 6:00 வரவேண்டும். இரண்டுக்கும் 5:30 வந்தால், எங்கோ ஒருவர் எண்ணைக் கையால் எழுதியிருக்கிறார். தேடி எடுத்து, அந்த இடத்தில் பெயரை வையுங்கள்.