வியர்வையை அளவுகோலாக்கிய வைத்தியம்

பழைய வைத்தியத்தைப் புகழ்வோரும் பழிப்போரும் மூலிகைப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். மருந்தை யாருக்குக் கொடுக்கக் கூடாது, எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒரு மரபு வகுத்த விதிகளை வைத்தே அதன் தரத்தை எடைபோட வேண்டும் என்பேன். சளிக்காய்ச்சலுக்குச் சீனர்கள் கண்ட வைத்தியம் இதற்கு நல்ல சான்று. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த வைத்தியர் சாங் சோங்சிங், இருநூறு பேருக்கு மேற்பட்ட தம் குலத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்தே ஆண்டுகளுக்குள் மாண்டதாகவும், அவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் குளிர்தாக்கிய காய்ச்சலே கொண்டுபோனதாகவும் தம் நூலின் முன்னுரையில் எழுதினார். அந்தத் துயரில் பிறந்த ‘ஷாங்ஹான் லுன்’, காய்ச்சலோடு குளிரும் கண்டவருக்கு வியர்க்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. வியர்த்தால் லவங்க மரக் குச்சி, பியோனி வேர், இஞ்சி, சீன இலந்தை, அதிமதுரம் சேர்த்த கஷாயம். வியர்க்காவிட்டால் மாஹுவாங் செடி சேர்ந்த வீரியமான கஷாயம். முதல் கஷாயத்தைக் குடித்ததும் சூடான கஞ்சி குடித்துப் போர்த்திப் படுக்க வேண்டும். உடம்பு லேசாக நசநசத்தால் போதும், வியர்வை வழிந்தோடக் கூடாது. ஒரு வேளையிலேயே வியர்த்துக் குணம் தெரிந்தால் மிச்ச மருந்து வேண்டாம்.

சுங் அரசு 1065-ல் திருத்திப் பதிப்பித்தபின் இந்நூல் மறுக்க முடியாத பிரமாணமாயிற்று. மரபும் அங்கேயே உறைந்துவிட்டது என்பார் உண்டு. ஆனால் 1641-ல் கொள்ளைநோய் பரவியபோது பழைய முறை பலிக்காததைக் கண்ட வைத்தியர் வூ யோசிங், வாய், மூக்கு வழியே நுழையும் தனியொரு நச்சுக்காற்றே காரணம் என்று 1642-ல் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் யே தியான்ஷி வளர்த்த வெப்பக்காய்ச்சல் மரபினர் உடம்பைச் சூடேற்றும் மருந்துகளைக் குறைத்தனர். வூ ஜூதோங் 1798-ல் முடித்த நூல் தொடக்கக் காய்ச்சலுக்கு ஹனிசக்கிள் பூவும் ஃபார்சித்தியா காயும் புதினாவும் சேர்ந்த பொடியைச் சொல்கிறது. கண்ணெதிரே நோயாளிகள் சாவதைப் பார்த்து மூலநூலையே மறுக்கத் துணிந்த மரபை உறைந்தது என்று எப்படிச் சொல்வது?

சளி தானே ஆறும், மருந்துக்கு அதில் என்ன பெருமை என்ற கேள்வி இன்னும் வலுவானது. சில காய்ச்சல்கள் தாமே தணியும் என்பதை ‘ஷாங்ஹான் லுன்’ எழுதியே வைத்திருக்கிறது. அளவுமீறி வியர்க்கவைத்தும் பேதிக்குக் கொடுத்தும் கெடுக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றிய விதிகள் அதில் ஏராளம். ஆறும் நோயை வைத்தியர் கெடுத்துவிடாமல் காப்பதும் வைத்தியம்தான். ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி 1885-ல் மாஹுவாங்கிலிருந்து பிரித்தெடுத்த எபெட்ரின், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. அந்தச் செடிக்கு விதித்த கட்டுப்பாட்டை விட்டுவிட்டு, செடியை மட்டும் பழம்பெருமையாக விற்பவரிடம் வாங்காதீர்கள்.