குரல் மட்டும் போதுமா?

கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து இறைமக்கள் ஆலய முற்றத்தில் வாழ்த்துப் பரிமாறிக்கொள்ளும் வேளையில், ஆண்டுதோறும் ஒரு பாராட்டு நம் காதில் விழும்: "அந்தப் பையனுக்கு என்ன குரல்! ஆண்டவர் கொடுத்த வரம்!" நாமும் அப்படிச் சொன்னவர்களே. சேலம், நாமக்கல் சமவெளியில் நாமறிந்த பங்கு ஒன்றில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனை அவ்வாறு வாழ்த்தினோம். மூன்று ஆண்டுகள் எல்லா விழாக்களிலும் அவனையே பாடவும் வைத்தோம். குரல் உடையும் பருவம் வந்தது. மேல் ஸ்தாயியை எட்டுவதற்காக அவன் கழுத்து நரம்பு புடைக்கப் பாடியபோது, கீபோர்டின் சுருதியைச் சற்று இறக்குங்கள் என்று நம்மில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் அங்கு இல்லை என்பதே உண்மை.

குரல் இருந்தால் பாடகர் ஆகிவிடலாம் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணத்தை மறுப்பதற்கு நாம் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. நாமக்கல் என்னும் ஊர்ப்பெயரையே தம் பெயரோடு தாங்கிய நரசிம்ம ஐயங்கார் என்ற இசையாசிரியரை இன்று பலர் அறியார். அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் (1890–1967) வரலாற்றில் ஒரு வரியாக மட்டுமே அவர் நிற்கிறார். ஆனால் அந்த ஒரு வரி நமக்குப் பெரும் பாடம். அரியக்குடி முதலில் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடம் பயின்றார். பிறகு நரசிம்ம ஐயங்காரிடம் ஏறத்தாழ ஈராண்டு இருந்தார். அதன் பின்னரே 'பூச்சி' என்று அழைக்கப்பட்ட இராமநாதபுரம் சீனிவாச ஐயங்காரிடம் சேர்ந்து நெடுங்காலம் குருகுலவாசம் செய்தார். ஒருவரிடம் அடிப்படை, மற்றொருவரிடம் வளர்ச்சி, மூன்றாமவரிடம் முதிர்ச்சி என்று நாம் எளிதாகப் பிரித்துவிட முடியாது. எனினும் மூன்று வாசல்களில் மாணவராக நின்ற பொறுமை அவருடைய கச்சேரியில் தெரிகிறது.

எப்படித் தெரிகிறது? அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டவர்கள் அறிவர்: கேட்ட மாத்திரத்தில் மயக்கும் குரலன்று அது. சற்றே மூக்கொலி கலந்தது என்றுகூட நம் செவிக்குப் படுகிறது. ஆயினும் சுருதியில் அணுவளவும் பிசகாது. தாளம் அவருக்கு மூச்சைப் போன்றது. வர்ணத்தில் தொடங்கி, மத்தியம காலக் கீர்த்தனைகளால் அரங்கைச் சூடேற்றி, விரிவான இராகம் ஒன்றையோ இரண்டையோ பாடி, பல்லவியை அளவோடு நிறுத்தி, இறுதியில் பதம், திருப்பாவை, திருப்புகழ் என்று இலகுவாக முடிக்கும் கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர் அவரே. பல்லவியே நேரத்தின் பெரும்பகுதியை விழுங்கிய காலத்தில் இது துணிச்சலான மாற்றம். இன்றும் மேடையேறும் பாடகர் அநேகமாக எல்லாரும் அந்தப் பாதையில்தான் நடக்கின்றனர். எதை முன்னே பாடுவது, எங்கே நிறுத்துவது, வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் எப்போது இடம் விடுவது, அவையினர் எப்போது களைப்படைவர் என்பவற்றையெல்லாம் எந்தத் தொண்டையும் பிறவியிலேயே கொண்டுவருவதில்லை. 1938இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு அளித்த 'சங்கீத கலாநிதி' விருது, இவ்வறிவுக்கும் சேர்த்தே அளிக்கப்பட்டது என்போம்.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நாமக்கல் மாவட்டத்தை ஒட்டி ஓடும் காவிரியின் அக்கரையில் உள்ளது கொடுமுடி. அவ்வூரில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாளுக்குக் குருகுலமாக அமைந்தது நாடக மேடை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கவேண்டும் என்னும் கட்டாயமே அவருக்கு ஆசிரியர். 1953இல் வந்த 'ஔவையார்' படத்தை இன்று கேட்டாலும் ஒரு மெய்யெழுத்துக்கூட மழுங்குவதில்லை. நம் ஆலயங்களிலோ நான்கு பெட்டிகள் வைத்து முழக்கியும் பதிலுரைப் பாடலின் பல்லவியைத் தவிர வேறெதுவும் புரிவதில்லை!

நம் பாடகர் குழுக்களின் குருவாகிவிட்ட கீபோர்டையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. அது தீயதன்று, பலரை ஒன்றாகப் பாடவைக்க உதவும் கருவி. ஆனால் அதன் சுரங்கள் படிக்கட்டுகள். தோடியின் காந்தாரமோ படியில் நிற்பதில்லை, படிகளுக்கிடையே அசைகிறது. கட்டைகளை மட்டுமே கேட்டு வளர்ந்த செவிக்குக் கமகம் பிழையாகத் தோன்றும். அச்செவியைப் பின்னர் திருத்துவது எளிதன்று. தம்பூராவின் ஆதார சுருதியில் நாள்தோறும் அரைமணி நேரம் சரளி வரிசை பாடிய பிள்ளைக்கு இவ்வின்னல் வராது.

இந்த இடத்தில் நம் பெற்றோரின் தயக்கம் ஒன்று குறுக்கிடுகிறது. சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், பரதநாட்டியம் ஆகியவற்றோடு தேவாரமும் அத்தகைய பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. "அங்கே போனால் பிள்ளை சாமி பாட்டுப் பாட வேண்டியிருக்குமே" என்பதே தயக்கம். இதை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. விசுவாசத்தைக் காக்க எண்ணும் அச்சம் அது. ஆனால் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. கத்தோலிக்கராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) இயற்றிய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' கச்சேரி மேடையில் இடம்பெற்றவை. கர்நாடக இசையின் இலக்கணம் கைவராமல் அவற்றை இயற்றியிருக்க முடியாது. கொச்சிக் கோட்டையின் இலத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1940இல் பிறந்த யேசுதாசுக்கு முதல் ஆசிரியர் அவருடைய தந்தையே. நாடக நடிகரும் பாடகருமான அகஸ்டின் ஜோசப். பிறகு திருப்பூணித்துறையிலும் திருவனந்தபுரத்திலும் இசைக் கல்லூரிகள். 1961இல் திரையிசையில் நுழைந்து புகழ்பெற்ற பின்னரும் அவர் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் மாணவராக அமர்ந்தார். அவருடைய கச்சேரிகளில் திரைப்பாடகரின் குழைவு சில இடங்களில் இராகத்தின் உறுதியைக் கரைத்துவிடுகிறது என்பாருடைய விமரிசனத்தில் ஓரளவு உண்மை இருப்பதாகவே நமக்கும் படுகிறது. ஆனால் புகழின் உச்சியிலிருந்து இறங்கிவந்து மீண்டும் பாடம் கேட்ட மனத்தை என்னவென்பது?

திருச்சபையும் இதில் மௌனமாக இல்லை. 1963இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, குருமடங்களிலும் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இசைப் பயிற்சிக்கு முதன்மை தருமாறு பணிக்கிறது. மக்களின் சொந்த இசைமரபை உரிய முறையில் மதிக்கவும் கேட்கிறது. காவிரியின் கீழ்த்திசையில், திருச்சியில், அருட்தந்தை எஸ். எம். ஜார்ஜ் 1977இல் தொடங்கிய கலைக்காவிரி, இவ்வழைப்பை ஏற்று வளர்ந்து, இசைக்கும் நடனத்துக்கும் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாகவே ஆகிவிட்டது. நாமக்கல்லிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் நண்பகலுக்குள் சென்றுவிடலாம்.

முதலில் சொன்ன சிறுவனுக்கு இப்போது இருபது வயது. பாடுவதை விட்டுவிட்டார், அதே பங்கில் கீபோர்டு வாசிக்கிறார். சென்ற மாதம் அவரைச் சந்தித்தபோது, பாடகர் குழுவிலுள்ள ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைக் காட்டி, "இவளுக்கு எத்தனை கட்டை சுருதி பொருந்தும் என்று யாரிடம் கேட்பது?" என்று வினவினார். சேலத்து இசைப்பள்ளியின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.