நீர்மாலை

திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் ஒரு துட்டி (சாவு) என்றால், வெளியூர்ச் சொந்தங்கள் வந்து சேர்ந்ததும் எழும் பேச்சு, "நீர்மாலைக்குப் புறப்படலாமா?" என்பதுதான். இறந்தவரைக் கடைசியாகக் குளிப்பாட்டப் பிள்ளைகள் தண்ணீர் எடுத்துவரும் சடங்கு அது.

சங்கும் சேகண்டியும் முன்னே போக, கிணற்றுக்கோ ஊருணிக்கோ போய்த் தலைமுழுகுகிறார்கள். குடத்தை நிரப்பிப் பூச்சுற்றி, ஈர வேட்டியோடு திரும்புகிறார்கள். தலைக்கு மேலே வெள்ளை வேட்டியை நாலு மூலையிலும் பிடித்து வருகிறார்கள். அரசனுக்குக் குடை பிடிப்பது போன்ற மரியாதை, சம்சாரி வீட்டுத் தண்ணீருக்கும் கிடைக்கிறது.

இதில் நான் வியப்பது சங்கு ஊதுபவரின் தேர்ச்சியை. சேகண்டியில் ஒரு தட்டு. அதன் ரீங்காரம் அடங்குமுன் சங்கை வாயில் வைத்துவிடுவார். ஓசை அறுவதே இல்லை. கதறும் வீட்டில் நிதானம் இழக்காதவரும் அவர்தான். "பேரப்பிள்ளைக எல்லாரும் நெய்ப்பந்தம் புடிங்கய்யா" என்று அழைத்து, திகைத்து நிற்கும் சிறுவன் கையிலும் ஒரு பந்தத்தைக் கொடுப்பார். வாய்க்கரிசி, கொள்ளிக்குடம் என ஒவ்வொன்றும் அவர் சொல்படியே நடக்கும்.

ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யக் கூட்டம் திரள்கிறது. போனவரை நினைக்கும் அந்தக் கடமைக்கு முதல் அடி இந்த நீர்மாலை. உயிரை வழியனுப்பி, இருப்பவர்களைத் தேற்றும் இந்தச் சங்கு ஊதும் கலைஞருக்கு நல்ல கூலியும், பந்தியில் சமமான இடமும் தருவதே ஊருக்கு அழகு.