சிவப்புக் கொட்டகை

அமெரிக்கப் பிள்ளைகளிடம் பண்ணை வரையச் சொன்னால் பெரும்பாலும் சிவப்புக் கொட்டகைதான் வரும். சதுரம், கூரை, கதவு, கதவில் ஒரு பெருக்கல் குறி.

சின்ன விரல்கள் திணறுவது கூரையில். அது முக்கோணம் அல்ல. இருபுறமும் இரண்டிரண்டு சரிவு. மேற்சரிவு சற்றே படுத்திருக்கும், கீழ்ச்சரிவு விறைப்பாக இறங்கும். ஐந்து புள்ளி வைத்து இணைக்கச் சொன்னால் வேலை சுலபம். ஏன் இந்த மடிப்பு? பரணில் கூடுதலாக வைக்கோல் அடைக்கத்தான். கோட்டோடு காரணத்தையும் சொல்லிக்கொடுப்பதே நல்லது. பெருக்கல் குறியும் வெறும் அலங்காரம் அல்ல. பலகைக் கதவு தொய்ந்துவிடாமல் பிடிக்கும் குறுக்குச் சட்டங்கள் அவை.

சிவப்புக்கும் கதை உண்டு. அந்தக் காலத்து விவசாயிகள் ஆளிவிதை எண்ணெயில் இரும்புத் துருவைக் கலந்து மரத்தில் பூசினார்கள். மலிவு, மரத்துக்கும் காப்பு.

படம் முடிந்ததும் ஐந்தாறு வயதுப் பிள்ளை சுவருக்குள்ளேயே ஒரு மாட்டை வரைந்துவிடும், சுவர் கண்ணாடி என்பதுபோல. கலைக்கல்வி ஆய்வாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் வெளியிட்ட நூலில் இத்தகைய ‘எக்ஸ்ரே’ படங்களை வளர்ச்சியின் இயல்பான கட்டமாகவே விளக்கினார். எனவே ரப்பரைத் தேடும் ஆசிரியர் கொஞ்சம் பொறுக்கலாம். மாடு எங்கே கட்டியிருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.